பவுண்டரி ஸ்கேன் பிழை காட்டுகிறதா? முதலில் சாமானின் வகையைப் பாருங்கள்

பவுண்டரி ஸ்கேன் என்பது சிப்பின் ஜேடேக் எனும் சோதனை இணைப்பு வழியாகப் போர்டின் இணைப்புகளைச் சரிபார்க்கும் முறை. புதுப் போர்ட் ஒன்றை முதல்முறை ஜேடேக்கில் மாட்டி ஓடவிட்டால், திரையில் முப்பது நாற்பது பிழை வரிசையாக வந்து விழும். அதைக் கண்டவுடன் ஹாட் ஏரைக் கையில் எடுக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்கும் ஈயப்பற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. நெட்லிஸ்டை (எந்தக் கால் எந்தக் காலோடு சேர்கிறது என்ற பட்டியலை) ஏற்றிய பிறகு 'இது வெறும் இணைப்பு, இது லைனை ஹைக்கு இழுக்கும் புல்-அப், இதைக் கவனிக்காதே' என்று சாமான்களுக்கு நாம் கொடுத்த வகையில்தான் கோளாறு இருக்கும். கொழும்பில் நம்மில் பலர் செய்வது ஐம்பது, நூறு என்ற சின்னத் தொகுதிகள். அடியில் ஈய உருண்டைகளால் ஒட்டும் பிஜிஏ சிப்பைக் கழற்றித் திரும்ப வைக்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. இருக்கிற இடத்திலும் மலிவில்லை. வகையைப் பிழையாகக் கொடுத்துவிட்டு நல்ல சிப்பைக் கழற்றினால் காசும் போய், போர்டும் போகும்.

ஸ்கேன் மென்பொருளுக்கு உண்மையில் தெரிந்தது கொஞ்சம்தான். ஐட்ரிபிள்ஈ 1149.1 தரம் 1990இல் வந்தது. சிப்பின் காலுக்கும் உள்ளே இருக்கும் லாஜிக்குக்கும் நடுவில் ஒரு செல்லை வைத்து, அந்தக் காலை வெளியிலிருந்தே ஓட்டவும் (ஹை அல்லது லோ ஆக்கவும்) வாசிக்கவும் அது வழி செய்தது. எந்தச் செல் எந்தக் காலுக்கு என்று சொல்லும் பிஎஸ்டிஎல் மொழி 1994இல் தரத்தோடு சேர்ந்தது. அந்தக் கோப்பு இருக்கிற சிப்பை மட்டும்தான் மென்பொருள் தானாகப் புரிந்துகொள்ளும். ஒரு போர்டில் அப்படி இரண்டு மூன்று சிப் இருந்தால் பெரிய விஷயம். மற்ற எல்லாம் அதற்கு வெறும் பெயரும் கால் எண்ணும்தான். பெயரின் முதல் எழுத்தையும் மதிப்பையும் வைத்து ஓர் ஊகம் செய்யும். ஊகம் பிழைத்த இடங்களை நாம்தான் திருத்த வேண்டும்.

திருத்துவதற்கு மூன்று கேள்விகள் போதும். இந்தச் சாமான் டிசியைக் கடத்துமா? தானாகவே ஒரு நெட்டை, அதாவது ஒன்றாய் இணைந்த கால்களின் லைனை, ஓட்டுமா? இந்தத் தொகுதியில் உண்மையிலேயே பொருத்தியிருக்கிறதா? கூடவே ஒரு விதியையும் மனதில் வைத்தால் பாதித் தலைவலி குறையும். மென்பொருள் இல்லாத ஷார்ட்டைக் (இரண்டு நெட் ஒட்டிக்கொள்வதை) காட்டினால், இருக்கிற ஓர் இணைப்பை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். இல்லாத ஓப்பனைக் (இணைப்பு அறுந்திருப்பதை) காட்டினால், இல்லாத இணைப்பை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மென்பொருள் செய்வது நீங்கள் சொன்னதையும் தான் வாசித்ததையும் ஒப்பிடுவது மட்டுமே.

சங்கிலியே வாசிக்கவில்லை, அல்லது நீளம் பிழை

ஜேடேக் சிப்புகளைத் தொடராக இணைத்த வரிசைதான் சங்கிலி; ஒவ்வொரு சிப்பிலும் ஜேடேக்கைக் கவனிக்கும் சுற்று டேப். முதலில் டிசிகே எனும் அதன் கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். டேப்பின் நிலையை மாற்றும் டிஎம்எஸ் காலை ஹையில் வைத்து ஐந்து கிளாக் கொடுத்தால், டேப் எந்த நிலையில் நின்றாலும் ரீசெட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் சங்கிலியின் வெளியீடான டிடிஓவில் எல்லாமே 1 அல்லது எல்லாமே 0 என்று வந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லாவிட்டால் டேப் ரீசெட்டிலேயே கிடக்கிறது. டேப்பை ரீசெட் செய்யும் டிஆர்எஸ்டி காலை ஒரு ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்துவைப்பது பல டிசைனர்களின் வழக்கம். உங்கள் கேபிள் அதை ஹையாக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஏதோ வாசிக்கிறது, ஆனால் எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் அது வகைப் பிரச்சினை. நம்மிடம் அடிக்கடி வரும் உதாரணம் எஸ்டிஎம்32எஃப்103. வெளியே ஒரு சிப்தான். உள்ளே இரண்டு டேப் தொடராக இருக்கின்றன: பவுண்டரி ஸ்கேனுக்கு 5 பிட் இன்ஸ்ட்ரக்ஷன் ரெஜிஸ்டர், கோர்டெக்ஸ் டீபக்குக்கு 4 பிட். ஒரே பிஎஸ்டிஎல்லைக் கொடுத்துவிட்டு ஒரு டேப் என்று அறிவித்தால் 4 பிட் அதிகமாக வருகிறது என்று மென்பொருள் முறைப்படும். சிப்புகள் தரும் அடையாள எண்ணான ஐடிகோட் பட்டியலில் 3பிஏ00477 என்ற எண்ணைக் கண்டால் அது அந்த டீபக் டேப்தான். அதை 4 பிட் நீளமுள்ள, எப்போதும் பைபாஸில் (பிட்டை வெறுமனே கடத்தும் நிலையில்) நிற்கும் தனிச் சாமானாகச் சேர்த்துவிடுங்கள்.

இன்ஸ்ட்ரக்ஷன் ரெஜிஸ்டரை வாசிக்கும்போது ஒவ்வொரு டேப்பும் கடைசி இரண்டு பிட்டாக 01 தரவேண்டும் என்பது தரத்தின் கட்டாயம். வரும் பிட் வரிசையைத் தாளில் எழுதி, 01 எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தால் எந்தச் சிப்பில் கணக்கு விலகுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். சங்கிலியில் இருக்க வேண்டிய எஃப்பிஜிஏ (லாஜிக்கை நாமே எழுதும் சிப்) இந்த மாடலில் பொருத்தப்படாமல், அதன் உள்ளீடான டிடிஐக்கும் வெளியீடான டிடிஓவுக்கும் குறுக்கே ஒரு 0 ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். நெட்லிஸ்டில் இரண்டுமே இருக்கும். சிப்பைப் 'பொருத்தவில்லை' என்றும் ரெசிஸ்டரை 'இணைப்பு' என்றும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் சங்கிலி அறும். அடுத்தது, பிஎஸ்டிஎல் கோப்பை நோட்பேடில் திறந்து 'கம்ப்ளையன்ஸ் பேட்டர்ன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். சில சிப்புகள் குறிப்பிட்ட ஒரு காலை ஹையிலோ லோவிலோ பிடித்துக்கொண்டிருந்தால்தான் தரப்படி நடக்கும். மைக்ரோகன்ட்ரோலரில் ஃபர்ம்வேர் ஏற்கெனவே இருந்தால் அது ஜேடேக் கால்களைச் சாதாரண ஐஓ ஆக மாற்றிவிடவும் கூடும். பவர் போட்ட கணம் சங்கிலி தெரிந்து, அடுத்த கணம் மறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

ஐடி சரி, சங்கிலி சரி, ஆனால் ஒரு சிப்பைச் சுற்றி எல்லாமே பிழை

பேக்கேஜைப் பாருங்கள். ஐடிகோட் உள்ளே இருக்கும் சிலிக்கனுடையது, வெளிக்கூட்டினுடையது இல்லை. 64 கால் சிப்புக்கு 100 காலின் பிஎஸ்டிஎல்லைக் கொடுத்தாலும் ஐடி பொருந்தும், செல் எண்ணிக்கையும் பெரும்பாலும் பொருந்தும். கால் எண் மட்டும் பொருந்தாது. ஒரு சிப்பின் நான்கு பக்கமும் ஒழுங்கே இல்லாமல் ஷார்ட்டும் ஓப்பனும் கலந்து வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

இல்லாத ஷார்ட்டைக் காட்டுகிறது

இரண்டு நெட் ஒன்றுபோல ஆடுகின்றன என்று மென்பொருள் சொல்கிறது. நடுவில் டிசியைக் கடத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை. வழக்கமான குற்றவாளிகள் 22, 33 ஓம் சீரிஸ் ரெசிஸ்டர்கள், ஃபெரைட் பீட், ஃபியூஸ், ஜம்பர், ஆனில் கிடக்கும் டிப் ஸ்விட்ச். இவை எல்லாம் 'இணைப்பு' வகைக்குப் போக வேண்டும். ஈதர்நெட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளும் டிசிக்கு வெறும் வயர்தான். அதை யாரும் நினைப்பதில்லை.

ரெசிஸ்டர்களில்தான் அதிகம் சறுக்கும், ஏனென்றால் ஒரே முதலெழுத்தோடு வரும் சாமான் நான்கு வேறு வேலை செய்கிறது. 33 ஓம் என்றால் இணைப்பு. 4.7 கிலோ ஓம் ஒரு முனையில் 3.3 வோல்ட்டோடு இருந்தால் புல்-அப். அதே 4.7 கிலோ இரண்டு சிக்னல்களுக்கு நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. 0.1 ஓம் என்றால் கரண்ட் அளக்கும் ஷன்ட். அதன் இரண்டு பக்கமும் பவர் நெட். மென்பொருள் இதையெல்லாம் மதிப்புக் கட்டத்தில் எழுதியிருப்பதை வைத்துத்தான் பிரிக்கிறது, அந்தக் கட்டத்தை நிரப்பியவர் ஒரு மனிதர். '100' என்று எழுதியிருந்தால் 100 ஓமா, சாமானின் முதுகில் இருக்கும் குறியீட்டைப் பார்த்து எழுதியதா? குறியீடு என்றால் அது 10 ஓம். 'ஆர்100' என்றால் 0.1 ஓம்; நூறு என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. '4எம்7' இல் இருக்கும் எம் மெகாவா மில்லியா? மதிப்புப் பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த விநோதங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அரை மணி நேர வேலைதான். அதைச் செய்யாதவர்கள் இரண்டு நாள் மல்டிமீட்டரோடு அலைவார்கள்.

இரண்டு வயரில் எதிரெதிராகச் சிக்னல் அனுப்பும் எல்விடிஎஸ் ஜோடிக்குக் குறுக்கே நிற்கும் 100 ஓம் தனிப் பிறவி. இணைப்பு என்று சொன்னால் ஜோடியின் இரு வயரும் ஒரே நெட் ஆகிவிடும், உண்மையான ஷார்ட் வந்தாலும் தெரியாது. சொல்லாமல் விட்டால் ஷார்ட் என்று கத்தும். உங்கள் மென்பொருளில் டெர்மினேஷன் என்ற வகை இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஜோடியை ஒரே நேரத்தில் எதிரெதிராக ஓட்ட வேண்டாம் என்று தடை போடுங்கள்.

ஷார்ட்டும் ஓப்பனும் நான்கு நான்காகக் கூட்டமாக வந்தால் அது ரெசிஸ்டர் பேக். எட்டுக் கால் பேக்கில் வழக்கமாக 1க்கு எதிரே 8, 2க்கு எதிரே 7, 3க்கு 6, 4க்கு 5. லைப்ரரியில் யாரோ 1-2, 3-4 என்று சோடி சேர்த்திருந்தால் மென்பொருள் இல்லாத நான்கு இணைப்பைத் தேடும், இருக்கிற நான்கைக் கண்டு திடுக்கிடும். ஒரு காலைப் பொதுவாக வைத்து மற்றதெல்லாம் அதிலிருந்து பிரியும் பேக்கும் உண்டு. ஸ்கீமட்டிக்கை நம்பாமல் டேட்டாஷீட்டில் உள்ள படத்தைப் பாருங்கள். மீட்டரை வைத்து ஒரு பேக்கை அளந்தால் சந்தேகம் அந்த நிமிடமே தீரும்.

இல்லாத ஓப்பனைக் காட்டுகிறது

வயர் கண்ணுக்குத் தெரிகிறது, மீட்டரும் பீப் அடிக்கிறது, ஆனாலும் மென்பொருள் ஓப்பன் என்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கபாசிட்டர் என்றால் பதில் கையிலேயே இருக்கிறது. அதிவேக சீரியல் லைன்களில் 100 நானோஃபாரட் தொடராக இருக்கும், டிசி போகாது, 1149.1 சோதனை டிசியைத்தான் பார்க்கும். இதற்கென்றே 2003இல் 1149.6 தரம் வந்தது. அதில் நிலையான மட்டத்துக்குப் பதிலாகத் துடிப்பை அனுப்பும் இரண்டு இன்ஸ்ட்ரக்ஷன்கள் உண்டு. ஆனால் லைனின் இரண்டு முனையிலும் உள்ள சிப்புகள் அதைத் தெரிந்தவையாக இருக்க வேண்டும், பிஎஸ்டிஎல்லிலும் அந்தப் பகுதி இருக்க வேண்டும். ஒரு முனையில் இல்லாவிட்டால் 'இங்கே சோதிக்க முடியாது' என்று குறித்துவிட்டு, அந்த லைனை ஃபங்ஷனல் டெஸ்ட்டுக்குத் தள்ளுங்கள். கபாசிட்டரை 'இணைப்பு' ஆக்கிப் பச்சை விளக்கை வரவழைக்க முயல வேண்டாம். வராது.

டயோட் ஒரு வழிப் பாதை. பல ரீசெட் மூலங்களை டயோட் வழியாக ஒன்றாக்கியிருந்தால் லோ போகும், ஹை போகாது. பாதிச் சோதனை தேர்ச்சி, பாதி தோல்வி என்று வந்தால் அங்கே டயோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

245 போன்ற பஃபரை இணைப்பாகக் கொடுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. எட்டு வயர் உள்ளே போய் எட்டு வெளியே வருகிறது, ஆகவே வயர்தானே என்ற எண்ணம். அதற்குத் திசைக் காலும் எனேபிள் காலும் உண்டு. அவற்றை யார் ஓட்டுகிறார்கள்? ஜேடேக் சிப் ஓட்டினால் 'லாஜிக்' வகை கொடுத்து உண்மை அட்டவணையை (ட்ரூத் டேபிள்) இணைத்துவிடுங்கள். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். யாரும் ஓட்டாமல் ஒரு புல்-அப் மட்டும் எனேபிளை அணைத்துவைத்திருந்தால் அந்தப் பஃபரைத் தாண்டி எதையும் சோதிக்க முடியாது. அதை டிசைனரிடம் சொல்ல வேண்டும், மென்பொருளிடம் சண்டை போட்டுப் பலனில்லை.

பவர் நெட்டைச் சொல்ல மறந்தாலும் ஓப்பன் வரும். 3.3 வோல்ட் சப்ளைக்கு டிசைனர் சம்பந்தமில்லாத ஒரு பெயர் வைத்திருப்பார். மென்பொருளுக்கு அது பவர் என்று தெரியாது. அதற்குப் போகும் 2.2 கிலோ ரெசிஸ்டர் இரண்டையும் யாரோ மொத்தமாக 'இணைப்பு' ஆக்கியிருப்பார்கள். இப்போது மென்பொருளின் கணக்கில் ஐ2சி பஸ்ஸின் எஸ்டிஏயும் எஸ்சிஎல்லும் ஒரே வயர். அவை தனித்தனியாக ஆடுவதைக் கண்டு 'ஓப்பன்' என்று அறிவிக்கும். ஐ2சி லைன் இரண்டுக்கும் நடுவில் ஓப்பன் என்ற செய்தி எவ்வளவு அபத்தம் என்று யோசித்தாலே காரணம் பிடிபட்டுவிடும்.

வகை எல்லாம் சரி, நடுவில் ஒன்றுமே இல்லை, இருந்தும் பிஜிஏயின் ஒரே ஒரு காலில் ஓப்பன் தொடர்ந்து வருகிறதா? அப்போது அது உண்மை. சிப் திறந்த பையில் எவ்வளவு நாள் கிடந்தது என்றும் விசாரியுங்கள். ஈர நிலை 3 என்று முத்திரையிட்ட சிப்புக்கு 30 பாகை, 60 சதவீத ஈரப்பதம் வரை 168 மணி நேரம்தான் கணக்கு. கொழும்பு வெளிக்காற்று வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த 60ஐத் தாண்டியே இருக்கும். ஏசி அறை, டிரை கேபினெட் இல்லாமல் அந்த மணிக்கணக்கை நம்ப முடியாது.

புல்-அப் இல்லை என்கிறது, பார்த்தால் இருக்கிறது

எஃப்பிஜிஏ ஓட்டும் ரீசெட் லைனில் இதை அடிக்கடி காணலாம். 10 கிலோ ஓம் புல்-அப், கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட். மென்பொருள் லைனை லோவாக்கும், பிறகு விட்டுவிடும், அடுத்த ஸ்கேனில் ஹை வந்ததா என்று பார்க்கும். இரண்டையும் பெருக்கினால் 1 மில்லிசெகண்ட். பூச்சியத்திலிருந்து 2 வோல்ட்டுக்கு ஏறவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். சங்கிலி 1000 பிட் என்றால் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஸ்கேன் 100 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். ஆகவே மென்பொருள் எட்டிப் பார்க்கும்போது லைன் இன்னும் கீழேயேதான் நிற்கும். 'கபாசிட்டர்தானே' என்று இக்னோர் வகையில் போட்டதால் இது மெதுவான நெட் என்று அதற்குத் தெரியவில்லை. அந்த நெட்டுக்கு மட்டும் 5 மில்லிசெகண்ட் காத்திருப்பைக் கொடுங்கள், பிழை மறையும். பட்டன்களின் டிபவுன்ஸ் கபாசிட்டருக்கும் இதே மருந்து.

எல்ஈடி இன்னொரு தொல்லை. 3.3 வோல்ட்டிலிருந்து எல்ஈடி, 330 ஓம், அப்புறம் சிப்பின் கால். இதைப் புல்-அப் என்று மென்பொருள் எண்ணிவிடுகிறது. ஆனால் காலை விட்டுவிட்டால் லைன் 3.3க்கு ஏறாது, எல்ஈடி தன் பங்கைக் கழித்துக்கொள்ள 1.5க்கும் 2 வோல்ட்டுக்கும் இடையில் எங்கோ தொங்கும். 0.8க்குக் கீழே லோ, 2.0க்கு மேலே ஹை என்ற உள்ளீட்டுக்கு அது இரண்டும் இல்லை. ஒரு போர்டில் தேர்ச்சி, அடுத்ததில் தோல்வி, விரலை வைத்தால் மறுபடி தேர்ச்சி. எல்ஈடியைப் புல்-அப் வகையிலிருந்து எடுத்து, ஆள் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் வகையில் போடுங்கள்.

டிஎக்ஸ்பி0104 போன்ற, திசையைத் தானே கண்டுபிடிக்கும் லெவல் ஷிஃப்டர் இருக்கும் லைனில் புல்-அப் சோதனையே வேண்டாம். அதன் வெளியீடு மிக மெலிதாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே போடும் ரெசிஸ்டர் 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. 4.7 கிலோவைப் போட்டிருந்தால் மென்பொருள் காட்டும் பிழை டிசைனின் பிழை.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டுச் சங்கிலி செத்துப்போகிறது

இணைப்புகளைச் சோதிக்கும் எக்ஸ்டெஸ்ட் இன்ஸ்ட்ரக்ஷன் தொடங்கியதும் ஜேடேக் சிப்பின் ஐஓ கால்கள் எல்லாம் மென்பொருளின் கைக்கு வந்துவிடும். அதில் ஒன்று ரெகுலேட்டரின் எனேபிளைப் பிடித்திருந்தால், மென்பொருள் அதை லோவாக்கும் கணத்தில் போர்ட் தன் பவரைத் தானே அணைத்துக்கொள்ளும். இது தான் அமர்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலை. எனேபிள், பவர் ஹோல்ட், ரீசெட் ஆகிய நெட்டுகளைத் தேடி எடுத்து, அவை எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று நிரந்தரத் தடை போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகிறதா? வாட்ச்டாக், அதாவது குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்ய வைக்கும் டைமர். மேக்ஸ்706 சிப்பின் காலக்கெடு வழக்கமாக 1.6 செகண்ட். ஃபர்ம்வேர் ஓடவில்லை, யாரும் அதைத் தட்டிக்கொடுக்கவில்லை, ஆகவே அதன் வாட்ச்டாக் வெளியீடு லோவாகிறது; அதை ரீசெட்டோடு இணைத்திருந்தால் போர்ட் ரீசெட் ஆகிறது. அந்தச் சிப்பில் ஒரு வசதி: தட்டிக்கொடுக்கும் டபிள்யூடிஐ காலை மிதக்க விட்டால் வாட்ச்டாக் தூங்கிவிடும். ஆகவே அதை ஓட்டும் ஜேடேக் காலை 'ஓட்டாதே' என்று வைத்தால் போதும். எல்லா வாட்ச்டாக்கும் இவ்வளவு சாது இல்லை. மற்றவற்றுக்கு ஜம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இக்னோர் வகையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ ஓட்டை, ஹீட்சிங்க், மெஷின் இடம் பார்க்கும் ஃபிடூஷியல் குறி, இவற்றுக்கு மேல் அதில் எதையும் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆசிலேட்டரையோ சென்சாரையோ இக்னோர் செய்தால் அது ஓட்டுவதை நிறுத்திவிடாது. பவர் இருக்கிற வரை தன் வெளியீட்டை ஓட்டிக்கொண்டேதான் இருக்கும். மென்பொருள் அந்த நெட் காலி என்று நம்பி மறுபக்கத்திலிருந்து ஓட்டும். இரண்டு வெளியீடும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டால் வாசிப்பும் நம்ப முடியாது, சிப்பும் சூடாகும். தானாக ஓட்டும் எந்தச் சாமானுக்கும் 'ஓட்டுநர்' என்ற முத்திரை வேண்டும், அல்லது அதன் எனேபிளை அணைக்கும் தடை வேண்டும்.

ஃப்ளாஷ் பதில் சொல்லவில்லை, அல்லது பிழையாகச் சொல்கிறது

எஸ்பிஐ ஃப்ளாஷுக்கு ஜேடேக் கிடையாது. பக்கத்துச் சிப்பின் கால்களை வைத்து 9எஃப் கட்டளையை ஒவ்வொரு பிட்டாகத் தட்டி, ஐடியை வாசிக்கிறோம். டபிள்யூ25க்யூ64 என்றால் இஎஃப் 40 17 வரவேண்டும். வருவது என்ன என்று வடிவாகப் பாருங்கள், அதிலேயே காரணம் இருக்கும்.

மூன்று பைட்டும் எஃப்எஃப் அல்லது மூன்றும் 00 என்றால் சிப் பேசவே இல்லை. ஹோல்ட் காலை எஃப்பிஜிஏ பிடித்திருந்தால் அதை ஹையில் வைக்கத் தடை போட்டீர்களா? 77 ஏ0 0பி என்று வந்தால் ஈயம் நன்றாகவே இருக்கிறது. அதே எண் ஒரு பிட் வலப்பக்கம் தள்ளி வந்திருக்கிறது, அதாவது ஒரு கிளாக் முந்தி வாசிக்கிறீர்கள். சி8 40 17 என்று வந்தால் சிப்பும் நல்லது, இணைப்பும் நல்லது, ஆனால் அது வேறொரு கம்பனியின் அதே அளவுச் சிப்: ஜிடி25க்யூ64. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்ட நம்பர் இல்லாதபோது 'இதுவும் அதே சாமான்தான்' என்று கொடுப்பார்கள், பெரும்பாலும் உண்மையும்கூட. சோதனைக்கு மட்டும் அது அதே சாமான் இல்லை. ஏற்கத்தக்க ஐடிகளின் பட்டியலில் இரண்டையும் சேர்ப்பதா, ஒன்றை மறுப்பதா என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஐ2சி ஈஈப்ராமுக்கு லோவை ஓட்டலாம், ஹையை ஓட்டக் கூடாது. விட்டுவிட வேண்டும், புல்-அப் தூக்கும். மென்பொருளில் அந்த நெட்டை ஓப்பன் டிரெயின் என்று குறிக்காவிட்டால் சிப் தரும் ஒப்புதல் பிட்டை நாமே மிதித்துவிடுவோம். டிடிஆர்4 மெமரியில் 16 பிட் அகலச் சிப்புகளுக்கு டிஈஎன் என்றொரு கால் உண்டு, ஹையாக்கினால் சிப் இணைப்புச் சோதனை நிலைக்குப் போகும். டிசைனர் அதை நேரே கிரவுண்டில் ஒட்டியிருந்தால் அந்த வழி மூடியாயிற்று.

நேற்றைய தொகுதி தேர்ச்சி, இன்றைய தொகுதி முழுக்கத் தோல்வி

எல்லாப் போர்டும் ஒரே இடத்தில் தோற்றால் ஈயத்தைப் பார்க்க வேண்டாம், சாமான் பட்டியலைப் பாருங்கள். இந்த மாடலில் வைஃபை இல்லை என்று பத்து ரெசிஸ்டரைப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். பொருத்தவில்லை என்பதைப் பட்டியலில் 'டிஎன்பி' என்று ஒருவரும் 'என்எஃப்' என்று இன்னொருவரும் எழுதுவார்கள், மூன்றாமவர் எண்ணிக்கையை 0 ஆக்கிவிட்டுப் போவார். மென்பொருள் முதலாவதை மட்டும் புரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் வகைக் கோப்பைத் தனியாக வைத்து, பெயரில் பட்டியலின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள்.

எல்லாம் தேர்ச்சி, போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை

இதுதான் மோசமானது, ஏனென்றால் யாரும் முறைப்பட மாட்டார்கள். பிழை காட்டும் சோதனையை நோண்டி நோண்டிச் சரி செய்யும்போது, காரணம் தெரியாத நெட்டுகளை ஒவ்வொன்றாக இக்னோர் செய்துகொண்டே போனால் கடைசியில் பச்சை விளக்கு வரத்தான் செய்யும்.

முதலில் பவர் என்று குறித்த நெட்டுகளின் பட்டியலை எடுங்கள். வி என்று தொடங்கும் பெயரை எல்லாம் பவர் என்று ஊகிக்கும் மென்பொருளில், 'வி_செலெக்ட்', 'விபஸ்_டிடெக்ட்' போன்ற சாதாரண சிக்னல்களும் அதில் போய் உட்கார்ந்திருக்கும். பவர் என்றால் அதை ஓட்டிப் பார்க்காது, ஓப்பன் இருந்தாலும் சொல்லாது. பிறகு இக்னோர் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுத முடியாவிட்டால் அது அங்கே இருக்கக் கூடாது. பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் நிற்கும் டிகப்ளிங் கபாசிட்டர்களைப் பொறுத்தவரை பவுண்டரி ஸ்கேனுக்கு அவை கண்ணுக்கே தெரியாது. எவ்வளவு சோதித்தோம் என்று காட்டும் கவரேஜ் அறிக்கையில் அவற்றை 'சோதித்தது' என்று எண்ணியிருந்தால் அந்தச் சதவீதத்தை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டாம்.

அடுத்து, நல்ல போர்ட் ஒன்றை எடுத்து வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு சீரிஸ் ரெசிஸ்டரைக் கழற்றி ஓட்டுங்கள்: அந்த நெட்டின் பெயரோடு ஓப்பன் வரவேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிக்னல் டெஸ்ட் பாயின்ட்டை ட்வீசரால் தொடுங்கள்: ஷார்ட் வரவேண்டும். பவர் பாயின்ட்டில் மட்டும் ட்வீசரை வைக்காதீர்கள். ஒரு புல்-அப்பைக் கழற்றுங்கள், ஃப்ளாஷின் ஹோல்ட் காலை ஒரு வயரால் கிரவுண்டுக்கு இழுங்கள். நீங்கள் கொடுத்த வகை ஒவ்வொன்றிலும் ஒரு சாமானாவது இப்படிப் பரீட்சைக்கு வரட்டும். கழற்றிய பிறகும் தேர்ச்சி என்று வந்தால், அந்த வகையில் உள்ள எல்லாச் சாமானையும் மறுபடி திறந்து பாருங்கள்.